சிற்றிலும் தோம்பும்: யாழ்ப்பாணத்துச் சிறுவீடுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் கோயில்களிலும் சாசனங்களிலும் தேடுவதே வரலாற்றாசிரியர்களின் நெடுநாள் வழக்கமாக இருந்து வந்துள்ளது. அச்சமூகத்தின் சிறுவர்கள் எவற்றை வைத்து விளையாடினர் என்ற வினா எழுப்பப்பட்டமை மிகக் குறைவு. விளையாட்டுப் பொருள் எளிதில் அழிவது இதற்கு ஒரு காரணம். சிறுமியர் செய்த பொருளைச் சான்றாக மதிக்கும் மனப்பாங்கு இல்லாதிருந்தமை மற்றொரு காரணம். இரண்டாவது காரணமே வலிமை வாய்ந்தது எனத் தோன்றுகின்றது. ஏனெனில், அழிந்துபோன அரண்மனைகளைப் பற்றி நூல் நூலாக எழுதத் தயங்காத புலமை, அழிந்துபோன மணல்வீட்டைப் பற்றி மட்டும் வாய் திறவாதிருப்பதற்கு வேறு நியாயம் காண்பதற்கில்லை.

மேலைநாடுகளில் பாவை வீடு எனப்படும் சிறுவீடு இன்று ஓர் ஆய்வுப்பொருள். அதே வேளையில் ஒரு பொழுதுபோக்குப் பொருளுமாகும். வீசப்பட்ட பழைய பாவை வீடொன்றைத் தேடியெடுத்து, உடைந்த படிக்கட்டை ஒட்டி, சுவருக்குப் புதிய தாள் பதித்து, கோடை மாதங்களில் தோட்ட வேலைக்கு இடையிடையே அதனைப் புதுக்கி மகிழ்வோர் அங்கு ஏராளம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ அத்தகைய மரவீடு எக்காலத்திலும் பரவலாக வழங்கவில்லை. அவ்வாறாயின் இங்கு சிறுவீடே இருக்கவில்லையா என்றால், இருந்தது. ஆனால் அது பேணப்படும் பொருளாக இருக்கவில்லை. காலையிற் கட்டப்பட்டு மாலையிற் கலைந்தது. இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, வீடு, பெண், நிலம் என்ற மூன்றுக்கும் இடையே யாழ்ப்பாணத்தில் நிலவிய உறவு சிறிது தெளிவடைகின்றது.

தமிழில் இச்சிறுவீட்டின் பழைய பெயர் சிற்றில் என்பதாகும். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில், தெருவில் தான் கட்டிய மணற்சிற்றிலைக் காலாற் சிதைத்த குறும்பனைத் தலைவி தோழிக்கு நினைவூட்டுகின்றாள். நெய்தல் நிலத்துச் சிறுமியர் ஈரமணலிற் பாவை செய்து விளையாடிய செய்தி சங்கப் பாடல்களிற் பலவிடங்களில் வருகின்றது. ஐங்குறுநூற்றிலே, தான் செய்த மணற்பாவையைக் கடல் கொண்டுபோய்விட்டதென்று சினந்த சிறுமி, மண்ணை அள்ளிக் கடலையே தூர்க்க முற்படுகின்றாள். பெரும்பாணாற்றுப்படை தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பத்தக்க சிறுதேரைக் காட்டுகின்றது. பட்டினப்பாலையில் மூன்று உருளையுடைய சிறுதேர் வருகின்றது. இங்கு ஒரு வேறுபாடு கருதற்பாலது. தேர் தச்சன் செய்து கொடுத்த பொருள். எனவே வைத்துப் பேணத்தக்கது. சிற்றில் சிறுமி தானே செய்தது, நிலைக்காதது.

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் இவ்வேறுபாட்டை விந்தையான முறையில் நிலைநிறுத்தியது. சிற்றில் கட்டுபவர் சிறுமியரே எனினும், சிற்றிற் பருவம் பெண்பாற் பிள்ளைத்தமிழில் இடம்பெறுவதில்லை. சிறுபறை, சிறுதேர் என்பவற்றுடன் சேர்ந்து ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களுள் ஒன்றாகவே அமைந்துள்ளது. பாட்டுடைத் தலைவன் சிற்றிலைச் சிதைக்க வருபவன். சிதைக்கவேண்டாமெனச் சிறுமியர் இரந்து நிற்பர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகமும் இப்பொருளிலேயே அமைந்தது. இலக்கிய மரபில், சிற்றில் கட்டப்பட்ட கதையிலும் பார்க்கச் சிதைக்கப்பட்ட கதையே பெரிது. கட்டியவளின் கைத்திறன் பற்றிப் புலவர்கள் அதிகம் கூறவில்லை என்பதை இவ்விடத்துக் குறித்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் அக்கைத்திறன் எவ்வாறு இருந்தது? அதனை விளங்கிக்கொள்வதற்கு முதலில் குடாநாட்டின் நிலத்தையும் காலத்தையும் நோக்குதல் வேண்டும். இங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலான வாடைக் காலத்திலேயே பெய்து முடிந்துவிடுகின்றது. வைகாசி பிறந்து சோழகக் காற்று வீசத் தொடங்கினால், சுண்ணக்கற் பாறைக்குக் கீழே தேங்கிய நன்னீரே மனிதர்க்கும் பயிர்க்கும் கதி. இக்கோடையிற்றான் யாழ்ப்பாணத்தான் தோட்டக்காரனாகின்றான். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் கிணற்று நீரை நம்பி விளைந்தன. ஆடுகாலில் ஏற்றிய துலாவின் மீது ஒருவரோ இருவரோ முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கிணற்றுக் கட்டில் நின்ற ஒருவர் பனையோலைப் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிற் சரித்தார். தோட்டத்தினுள்ளே பாத்திக்குப் பாத்தி வாயை வெட்டியும் அடைத்தும் நீரை மாற்றுவது பெரும்பாலும் பெண்களினதும் பிள்ளைகளினதும் வேலையாயிருந்தது. 1950களில் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் பரவும்வரை இம்முறை ஊரெங்கும் வழங்கியது.

மணல்வீட்டுக்கு ஈரமண் வேண்டும். காய்ந்த மணல் சுவராக நில்லாது. கோடையிலே ஊர் முழுவதும் புழுதி பறக்கும்போது ஈரமண் கிடைத்த இடங்கள் இரண்டேயாம்: கிணற்றடியும் தோட்டத்து வாய்க்காற் கரையும். ஆகவே சிற்றில் விளையாட்டும் கோடைத் தோட்டச்செய்கையும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில், ஒரே நீரில் நிகழ்ந்தன என்பது வெறும் தற்செயலன்று. நீர் மாற்றும் முறை வரும்வரை வரம்பிற் காத்திருந்த சிறுமி, அந்த இடைவேளையிலே தன் வீட்டைக் கட்டினாள். பாத்தி கட்டும் கையே சுவரையும் கட்டியது.

கட்டும் முறையும் ஊருக்கூர் பெரிதும் வேறுபடவில்லை. குதிக்காலாற் கோடிழுத்து வளவின் எல்லை குறிக்கப்படும். பாதத்தை ஈரமண்ணுள் புதைத்து, மேலே மண்ணைக் குவித்துத் தட்டி இறுக்கி, பின்னர் பாதத்தை மெல்ல உருவியெடுத்தால் ஓர் அறை உருவாகும். ஈர்க்கு தூணாகும், பூவரசமிலையோ பனையோலைத் துண்டோ கூரையாகும். சிரட்டையிற் சோறு, செம்மண்ணைக் கரைத்துக் குழம்பு, பூவரசம் பூவில் ஒரு கறி. சீலைத்துண்டைச் சுருட்டிக் கட்டிய பொம்மைக்குப் பெயரும் உண்டு, சீதனமும் உண்டு. வீட்டின் கோடியிலே விரலாற் குழி தோண்டிக் கிணறு, அதற்கு ஈர்க்கிலே ஒரு துலா, துலாவின் அடியிற் பாரத்துக்கு ஒரு குரும்பட்டி. கிணற்றிலிருந்து விரலாற் கீறிய வாய்க்கால் சென்று சேருமிடத்திலே கடுகளவு பாத்திகள். அவற்றில் ஊன்றிய கீரைத் தளிர்கள் மறுநாட்காலை வாடிக் கிடக்கும். ஆண்பிள்ளைகள் நுங்கு குடித்து எறிந்த கோம்பைகளைத் தடியிற் கோத்து வண்டில் செய்தனர். குரும்பட்டியையும் ஈர்க்கையும் கொண்டு தேர் கட்டித் திருவிழா நடத்தினர். அவர்களுடைய தேர் இவர்களுடைய வீட்டின் மீது ஏறிச் சென்ற சந்தர்ப்பங்களில், பிள்ளைத்தமிழ் நூல்களைப் படியாமலே அவ்விலக்கணம் அனுசரிக்கப்பட்டது!

இச்சிறுவீட்டிற் கட்டப்பட்டது எத்தகைய வீடு என்பது அடுத்த வினா. வசதி படைத்த குடும்பங்களின் நாற்சார் வீடு நடுவில் வான்பார்த்த முற்றமும் நாற்புறமும் தாழ்வாரமும் கொண்டது. அவ்வீட்டிலும், மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட எளியோர் வீட்டிலும் வழங்கும் சொற்களை உற்றுநோக்கினால் நான்கு நூற்றாண்டு வரலாறு அவற்றிலே பதிந்திருப்பதைக் காணலாம். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658இல் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்கள் போனபின்னும் அவர்களது சாமான்கள் போகவில்லை. யன்னல், விறாந்தை, குசினி, கதிரை, மேசை, அலுமாரி, சாவி, கோப்பை யாவும் போர்த்துக்கேயச் சொற்களே. 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர் கந்தோரையும் கக்கூசையும் விட்டுச் சென்றனர். மணல்வீட்டில் விளையாடிய சிறுமி, “குசினிக்குள்ளே போகாதே” என்று தன் சீலைப் பொம்மையை அதட்டியபோது, அந்நிய ஆட்சியின் எச்சமொன்று அவளது நாவிலே இயல்பாகக் குடியிருந்தது.

ஒல்லாந்தர் ஆட்சிக்காலம் இவ்வாய்வுக்கு மற்றொரு வகையிலும் முக்கியமானது. ஐரோப்பியப் பாவை வீட்டின் பொற்காலமும் அதுவே. 1558ஆம் ஆண்டளவிற் பவேரியக் கோமகன் ஐந்தாம் அல்பிரெக்ட் செய்வித்த சிறுமாளிகை இவ்வகையில் அறியப்பட்ட மிகப் பழையதெனக் கூறப்படுகின்றது. அது பின்னர் தீக்கிரையாகி, இன்று ஒரு பொருட்பட்டியலின் வாயிலாகவே அறியப்படுகின்றது. ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தின் செல்வ மகளிர் செய்வித்தவை எஞ்சியுள்ளன. பட்டு வணிகரின் மனைவியான பெற்றோனெல்லா ஊர்ற்மன் 1686 தொடக்கம் 1710ஆம் ஆண்டளவு வரை செய்வித்த வீடு ஆம்ஸ்ரடாம் தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் இன்றுமுள்ளது. ஆமையோடு பதித்த பெரிய அலுமாரியொன்றின் உள்ளே அறையறையாக அது அமைந்துள்ளது. அதற்கெனவே சிறிய பீங்கான் பாத்திரங்கள் சீனத்திலிருந்து தருவிக்கப்பட்டன. அதற்குச் செலவான பணத்துக்குக் கால்வாய்க்கரையில் உண்மையான வீடொன்றையே வாங்கியிருக்கலாம் என்பர். பெற்றோனெல்லா டி லா கோர்ட் என்ற மற்றொரு மாது செய்வித்த வீடு உத்திரெக்ட் நகரிலுள்ளது. அதிலே ஒரு தோட்டமும் அடங்கும். இவையெல்லாம் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களல்ல. வளர்ந்த மகளிர் தம் விருந்தினர்க்குத் திறந்து காட்டிய செல்வங்கள்.

சீனத்துப் பீங்கானை ஆம்ஸ்ரடாமுக்குக் கொண்டுவந்த அதே கீழைத்தேய வணிகக் கும்பனியே அக்காலத்தில் யாழ்ப்பாணத்தையும் ஆண்டது. யாழ்ப்பாணத்து யானைகளும் சங்கும் சாயவேரும் பனைமரமும் கும்பனியின் வருவாயிற் சேர்ந்தன. அங்கே வீடு அலுமாரிக்குள் அடங்கிய அதே காலத்தில், இங்கே வீடுகளும் வளவுகளும் வேறொரு பெட்டிக்குள் அடங்கிக்கொண்டிருந்தன. அப்பெட்டிதான் தோம்பு. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்தெழுதிய இந்நிலப் பதிவேட்டிலே காணியின் பெயர், உடையவர் பெயர், அளவு, நின்ற பயன்தரு மரங்கள் என்பன வரிக்காக எழுதப்பட்டன. தோம்பும் பாவை வீடும் ஒரே மனப்போக்கின் இரு வடிவங்கள் எனக் கூறுவது சற்று மிகையாகத் தோன்றலாம். எனினும், ஒரு வீட்டைச் சிறிதாக்கி, எண்ணி, ஒழுங்காக அடுக்கி, தன் கண்முன்னே வைத்துக்கொள்ளும் ஆசை இரண்டுக்கும் பொதுவானது என்பதை மறுத்தல் அரிது.

இதே ஆட்சியில், 1706இல் ஆளுநர் சைமன்ஸ் பணித்ததற்கிணங்க கிளாஸ் ஐசாக்சு தொகுத்த தேசவழமை 1707இற் சட்டமாக்கப்பட்டது. அதன்படி ஆண்பிள்ளைகளுக்கு முதுசொமும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமும் உரியன. யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்லும் வழக்கம் வலுவாக நிலைத்தது. திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருதலே பெரும்பான்மை. இப்பின்னணியில் நோக்கினால், வாய்க்காற் கரையிலே எல்லைக்கோடு கிழித்துத் தன் வளவைக் குறித்த சிறுமி வெறுங்கற்பனையில் ஈடுபட்டிருக்கவில்லை என்பது புலனாகும். அவள் ஒருநாள் உண்மையிலேயே ஒரு வீட்டுக்கு உடைமைக்காரியாகப் போகின்றவள். ஒல்லாந்து மாது தன் அலுமாரி வீட்டிற் கணவனின் செல்வத்தைக் காட்டினாள். யாழ்ப்பாணத்துச் சிறுமி தன் மணல்வீட்டில் தன் சொத்தையே ஒத்திகை பார்த்தாள். ஆனால் அச்சொத்தின் மீது அவளுக்கிருந்த உரிமை கட்டற்றதன்று. திருமணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் சம்மதமின்றி விற்க இயலாது. சீதன வீடு கட்டிமுடியாமையால் மணமின்றி இருந்த மகளிரும் ஊர்தோறும் இருந்தனர். சீலைப் பொம்மைக்குச் சீதனம் பேசும் விளையாட்டை வேடிக்கையென்று மட்டும் கொள்வது நேர்மையாகாது.

சாதியமைப்பையும் இவ்விடத்திலே தவிர்த்துச் செல்வதற்கில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமின்றிப் பிறர் வளவிற் குடியிருந்தனர். உயர்சாதியினரின் கிணறுகளில் நீரள்ளும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. கோடைத் தோட்டத்திலே துலா மிதித்தவர் பலரும் அந்நீருக்கு உரிமையற்றவர்களே. அவர்களது பிள்ளைகளும் வாய்க்காற் கரையில் மண்ணளைந்து விளையாடியிருப்பர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்கள் குதிக்காலாற் கிழித்த எல்லைக்கோட்டுக்கு எந்தத் தோம்பிலும் ஈடான கோடு இருக்கவில்லை. ‘நம் பண்பாட்டில் விளையாட்டு அனைவர்க்கும் பொதுவாயிருந்தது’ என்று எழுதும் கட்டுரையாளர்கள் இதனைச் சற்று எண்ணிப்பார்த்தல் நன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஐரோப்பியப் பாவை வீடு இங்கு வேரூன்றவில்லை. பேரரசின் தலைநகரிலே அது அரச மதிப்புப் பெற்றது. மேரி அரசிக்கென 1921க்கும் 1924க்கும் இடையே கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த வீடு, ஓர் அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கும் அளவிற் செய்யப்பட்டது. அதன் அடியிலுள்ள இழுப்பறையை இழுத்தால் ஒரு பூந்தோட்டம் வெளிவரும். அதனை வடிவமைத்தவர் புகழ்பெற்ற தோட்டக்கலை வல்லுநர் கேர்ற்றூட் ஜீக்கில் அம்மையார். 1924இல் வெம்பிளிப் பேரரசுப் பொருட்காட்சியில் அவ்வீடு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதே பொருட்காட்சியில் இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. பேரரசே ஒரு பாவை வீடாகச் சுருங்கி வெம்பிளியில் நின்றது போலும்! தோட்டமில்லாத வீடு வீடாகாது என்ற எண்ணம் மட்டும் லட்யன்சுக்கும், வாய்க்காற் கரையிற் கடுகளவு பாத்தி கட்டிய சிறுமிக்கும் பொதுவாயிருந்தது. அவருக்கு இழுப்பறை, அவளுக்கு விரற்கீறல்.

யாழ்ப்பாணத்துத் தோட்டமும் விளையாட்டும் 1970களில் மீண்டும் ஒரு திருப்பத்தைக் கண்டன. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. தோட்டக்காரர் தலை நிமிர்ந்தனர். ஓட்டு வீடுகளின் இடத்திற் சீமெந்து வீடுகள் எழுந்தன. நாற்சார் வீடுகள் பலவற்றைப் புதுக்குவதிலும் பார்க்க இடித்துக் கட்டுவதே கௌரவமாகக் கருதப்பட்டது. சீதனம் பிரிக்கும்போது ஒரே நாற்சாரை இரண்டு மகள்மாருக்குப் பங்கிட்டு முற்றத்தின் நடுவே சுவரெழுப்பியதும் உண்டு. 1977இன் திறந்த பொருளாதாரம் வெங்காயத்தின் விலையை வீழ்த்தியது. கடைத்தெருவிற் பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான்களை நிரப்பியது. துலா ஏற்கெனவே போய்விட்டது. குழாயில் வந்த நீருக்கு மண்வாய்க்கால் தேவைப்படவில்லை. சிற்றில் அழிந்ததற்குப் பிளாஸ்ரிக் பொம்மையைக் குறைகூறுவோர் பலர். வாய்க்காற் கரை இல்லாமற் போனதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

பின்னர் வந்தது விளையாட்டு வீடுகளோடு நின்ற அழிவன்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவின் வீடுகள் சில மணி நேரத்தில் ஆளற்றுப்போயின. 1990களின் பொருளாதாரத் தடையிலே சீமெந்து தடைப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தமையால் குண்டுபட்ட சுவரைப் பூசவும் வழியிருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். வலிகாமம் வடக்கின் ஊர்கள் பல உயர்பாதுகாப்பு வலயமாகி, பல்லாண்டுகள் உடையவர் கால்படாமற் கிடந்தன. கையிற் கொண்டு செல்லத்தக்க வீடு எவரிடமும் இருக்கவில்லை. காணி உறுதியைச் சீலையிற் சுற்றி எடுத்துச் சென்றோர் மிகப் பலர். தோம்பின் வழிவந்த ஒரு தாள் மட்டுமே வீட்டுக்கு ஈடாக அவர்களுடன் நடந்தது.

இந்நிலையிற்றான், யாழ்ப்பாணத்துச் சிறுவீட்டு வரலாற்றின் மிக முக்கியமான ஆவணம் தோன்றிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளரும் ஓவியருமான தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட கலைநூல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பைக் கொண்டது. இடம்பெயர்ந்த தமிழ் பேசும் வடபுலத்து மக்கள் தாம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து தாமே வரைந்தனர். அதனைக் கட்டடக் கலைஞரின் அளவான வரைபு ஒன்று தொடர்ந்தது. அதன்பின் ஓவியரின் சித்திரம் வந்தது. ஒல்லாந்தரின் பதிவேட்டுப் பெயர் இங்கே வேண்டுமென்றே எடுத்தாளப்பட்டுள்ளது. அரசு வரிக்காக எழுதிய தோம்பில் வீட்டின் அளவு உண்டு, அதில் வாழ்ந்தவளின் நினைவு இல்லை; இந்நூலிலோ அளவு பிழைக்கலாம், நினைவு பிழைப்பதில்லை. கடதாசியிலே கோடிழுத்து, இது குசினி, இது சாமியறை, இது கிணறு என்று குறிப்பவரின் கை செய்யும் வேலையும், வாய்க்காற் கரையிற் குதிக்கால் செய்த வேலையும் ஒன்றே எனத் தோன்றுகின்றது. மரத்தாலான பாவை வீடு யாழ்ப்பாணத்தில் வழங்காமலிருக்கலாம்; வீசப்பட்ட வீட்டைச் சிறிதாக்கிப் புதுக்கும் வேலை இங்கும் நடந்துள்ளது.

இங்கு ‘புதுக்குதல்’ என்ற சொல்லைச் சிறிது ஆராய்தல் வேண்டும். ஊர்ற்மனின் வீட்டை 1710ஆம் ஆண்டளவில் யாக்கோப் அப்பெல் என்பார் ஓவியமாகத் தீட்டினார். அவ்வோவியத்திலே காணப்படும் பாவைகளுள் பெரும்பாலானவை இன்று வீட்டில் இல்லை. வீடு இருக்கின்றது, குடியிருந்தோர் போய்விட்டனர். மேனாட்டிற் பாவை வீட்டைப் புதுக்குவோர் இடையே, பழைய நிறத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவதா, மங்கிய நிறத்தை அப்படியே விடுவதா என்ற விவாதம் உண்டு. சிற்றில் மரபில் இவ்விவாதத்துக்கு இடமில்லை. சிதைந்ததைச் சீர்செய்வார் இல்லை, அடுத்த நாள் வேறொன்று கட்டுவர். யாழ்ப்பாணத்தார் நாற்சார் வீட்டை இரக்கமின்றி இடித்ததில் இப்பழக்கத்தின் சாயலும் இருந்திருக்கலாம். மீண்டும் கட்டுவதற்கு மண்ணும் நீரும் அடுத்த நாளும் இருக்கும் என்ற நம்பிக்கை உள்ளவரை அது குற்றமன்று. அந்நம்பிக்கை உடைந்த தலைமுறையே பழைய கதவையும் உரலையும் விளக்கையும் தேடத் தொடங்கியது. நாவற்குழியில் 2020இல் திறக்கப்பட்ட சிவபூமி அரும்பொருட்காட்சியகத்தில் வீட்டுப் புழங்குபொருள்களைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் செல்வது இதன் அறிகுறியே.

புலம்பெயர்ந்த நாடுகளில் இவ்விரு மரபுகளும் எதிர்பாராத வகையிற் சந்தித்துள்ளன. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிற் குடியேறிய யாழ்ப்பாணத்தாருக்குக் கோடை என்பது சில மாதங்களே. பனி உருகியதும் வீட்டின் பின்புறத்திற் பாத்தி கட்டி மிளகாயும் கத்தரியும் பாகலும் பயிற்றையும் நடுகின்றனர். முருங்கையைத் தொட்டியில் வளர்த்து, மாரிக்கு வீட்டினுள்ளே தூக்கி வைக்கின்றனர். அதே கோடையிற் பழைய சாமான்களைத் தெருவோரத்தில் வைத்துவிடுவது அந்நாட்டவர் வழக்கம். பேத்திக்காக அவ்வாறு எடுத்துவரப்படும் பாவை வீட்டிலே மேல்மாடியும் புகைபோக்கியும் இருக்கும். முற்றமும் கிணறும் இரா. இரண்டையும் எங்கே வைப்பது என்பது பேரனுக்கும் பேத்திக்கும் எழாத வினா, பாட்டிக்கு எழக்கூடியது. நாற்சாரின் முற்றம் வானத்தைப் பார்ப்பது. பாவை வீட்டின் திறந்த பக்கம் பார்ப்பவரைப் பார்ப்பது. ஒன்றை மற்றொன்றாகத் திருத்துவது தச்சுவேலையால் மட்டும் ஆகக்கூடியதன்று.

குடாநாட்டிற் போர் 2009இல் முடிந்தபின், வலிகாமம் வடக்கின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தோர் பலர் தம் வீட்டைக் காணவில்லை. சுவர் இருந்த இடத்தில் பற்றையும் நாயுண்ணியும் மண்டிக் கிடந்தன. வளவை அடையாளங் காட்டியவை கிணற்றுக் கட்டும், எல்லையிலே வேலிக் கதியாலாக நட்டது மரமாகிவிட்ட பூவரசும், ஒன்றிரண்டு பனைகளுமே. வீடு அழிந்து தோட்டத்தின் எச்சம் நின்றது; தோட்டத்தைக் கொண்டு வீடு கண்டுபிடிக்கப்பட்டது. கூரை போடுவதற்கு முன்னே பலர் கிணற்றைத் துப்புரவாக்கி இறைத்தனர். அடுத்த கோடையில் வெங்காயம் நட்டனர்.

வீட்டுத் திட்டங்களின் கீழ் புதுவீடுகள் எழும்பத் தொடங்கியபோது மணலுக்குத் தட்டுப்பாடு வந்தது. வடமராட்சி கிழக்கின் மணல் அகழ்வு பற்றிய வழக்கும் வாக்குவாதமும் இன்னும் ஓயவில்லை. அத்திவாரம் வெட்டுமுன் ஒரு லொறி மணலை வாங்கிப் படலையடியிற் குவித்துவைப்பது வழக்கமாயிற்று. குழாய்க்கிணற்றின் யுகத்திலே, ஊரில் ஈரமான மணல் மீண்டும் கிடைத்தது அங்கேதான். மேசன்மார் வேலைக்கு வரும்வரை அக்குவியல் பிள்ளைகளின் வசமிருந்தது. அவர்கள் அதிலே பாதத்தைப் புதைத்து அறைகள் செய்தனர், ஈர்க்கு நட்டனர், விரலாற் கிணறு தோண்டினர்.